சேவை அமைப்பா, அருங்காட்சியகமா: பால்புதுமையினர் துறையில் பயிற்சிப் பணி

பால்புதுமையினருக்கான (தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் முதலியோர்) உரிமை மற்றும் சமூக சேவை அமைப்பில் பயிற்சிப் பணிக்குச் சேர்வதா, அவர்களுடைய வரலாற்றைப் பேணும் அருங்காட்சியகத்தில் சேர்வதா என்று தயங்குவோருக்காக இந்த ஒப்பீடு.

வேலை: சேவை அமைப்பில், வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட இளைஞருக்குத் தங்குமிடம் தேடுவதும், ஆவணங்களில் பெயரும் பாலினமும் மாற்ற விண்ணப்பம் நிரப்ப உதவுவதும் அன்றாடப் பணிகள். அருங்காட்சியகத்தில், உதாரணமாக 1985இல் பெர்லினில் தொடங்கிய ஷ்வூலஸ் மியூசியம் போன்ற இடங்களில், கடிதங்களையும் துண்டறிக்கைகளையும் புகைப்படங்களையும் அமிலமற்ற உறைகளில் இட்டுப் பட்டியலிட வேண்டியிருக்கும். படத்தில் இருப்பவர் தம் அடையாளத்தை வெளியே சொல்லியிருந்தாரா என்று பார்க்காமல் பெயரை எழுதிவிடக் கூடாது என்பதால், இங்கும் பொறுப்பு சிறிதல்ல.

ஊதியம்: இரண்டிலும் ஊதியமில்லாப் பயிற்சி உண்டு, பயணப்படியாவது கேட்டுப் பெறுங்கள்.

மனச்சுமை: சேவைப் பணியில் மிகுதி. பணியின் சிக்கல்களை மூத்தவரோடு பேசித் தெளியும் முறையான மேற்பார்வைச் சந்திப்பு இல்லாத அமைப்பில் சேர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்த வேலை: சேவை அனுபவம் சமூகப்பணி, சட்டம், பொது சுகாதாரம் எனப் பல துறைகளில் கைகொடுக்கும். அருங்காட்சியகங்களில் நிரந்தர இடங்கள் குறைவு; பல இடங்களில் முதுகலைப் பட்டமும் கேட்பார்கள்.

மனிதர்களோடு நேரில் பழகி உதவ விரும்புவோருக்கு முன்னது பொருந்தும். ஆய்வு நாட்டமும் பொறுமையும் உடையவர்களுக்குப் பின்னது.