காட்டுப்பன்றி இறைச்சி: உடனே கறியா, புகையில் காயவைத்ததா?

பச்சை இறைச்சியைக் கறியாக்க அவசரம் ஆகாது. வீட்டுப்பன்றியை விட நார் கெட்டி, கொழுப்புக் குறைவு. கொறக்காப்புளி (குடம்புளி வகை), மிளகு, இஞ்சி, பூண்டு அரைத்துப் பிரட்டி ஊறவைத்து, மூடிபோட்டு மெல்லிய தணலில் விடவேண்டும். முதலில் இறைச்சியின் நீரே கசிந்து கொதிக்கும். அது வற்றி, மசாலா கறுத்து, துண்டுகளில் எண்ணெய் மினுங்கும்போது லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்க மணக்கும். நுவரெலியாக் குளிரில், சுடச்சுட ரொட்டியோடு, இதற்கு ஈடே இல்லை.

உப்பும் மஞ்சளும் தடவி விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டது நாள்பட நிற்கும், புகைவாசமும் தனி. ஆனால் மழை மாதங்களில் உள்ளே ஈரம் நின்று கெட்டுவிடும். அதைவிட முக்கியம், காட்டுப்பன்றியில் இருக்கக்கூடிய டிரிக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழு உப்புக்கும் புகைக்கும் சாகும் என்று நம்பவே முடியாது. இறைச்சியின் உள்ளே 71 பாகை செல்சியஸ் சூடு ஏறவேண்டும். பிள்ளைகள் சாப்பிடும் வீடென்றால் நான் கறியைத்தான் சொல்வேன். காய்ந்ததை லேசாக வாட்டிக் கடிக்கவேண்டாம்; ஊறவைத்து, அதையும் குழம்பில் நன்றாக வேகவிடுங்கள்.