கடிபட்டவளைச் சுடலாமா? மூன்று ஜாம்பி ஆட்டங்கள், மூன்று விதமான முடிவுகள்

எமிலியின் தோளில் கடிபட்டிருக்கிறது. அடித்தள அறை, வெளியே பனி, மேலே ஏதோ நடமாடுகிறது. மைக் அவளுக்கு நேரே துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறான். கன்ட்ரோலர் என் கையில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, "சுட்டுடு, அவ மாறிடுவா" என்றான். ஜாம்பிப் படம் நாலு பார்த்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். கடித்தால் தொற்றும், தொற்றினால் மாறுவான், மாறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்த ஒரு கேள்வியை, கடிபட்டவரை என்ன செய்வது என்பதை, வெவ்வேறு வீடியோ ஆட்டங்கள் எப்படிக் கேட்கின்றன என்று பார்த்தால், "நீங்கள்தான் முடிவெடுக்கிறீர்கள்" என்ற விளம்பர வாசகத்துக்குள் எத்தனை ரகம் இருக்கிறது என்பது தெரியும். மூன்றை எடுத்துக்கொண்டேன். கதையின் திருப்பங்களையும் முடிவுகளையும் போட்டு உடைக்கப் போகிறேன். விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலாவது ஆட்டம்கூட இல்லை, பீட்சா விளம்பரம். நியூசிலாந்தின் வெலிங்டனில் 1996இல் தொடங்கிய ஹெல் பீட்சா என்ற கடை, 2010இல் யூடியூபில் 'டெலிவர் மீ டு ஹெல்' என்று ஒரு ஊடாட்ட ஜாம்பிப் படம் போட்டது. ஊரெல்லாம் ஜாம்பி. ஒரு டெலிவரி பையன் பீட்சாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டு வீடியோவின் கடைசியிலும் இரண்டு வழி காட்டுவார்கள், ஒன்றைக் கிளிக் செய்தால் அடுத்த வீடியோ. தப்பான வழியில் போனால் பையன் காலி. திரும்பி வந்து இன்னொன்றை அமுக்க வேண்டியதுதான்.

இங்கே கடி என்பது வெறும் 'அவுட்'. பரமபதத்தில் பாம்பு கடித்தால் இறங்கி வருவோமே, அதுபோல. பயமும் கிடையாது, குற்ற உணர்ச்சியும் கிடையாது. சொல்லப்போனால், தப்பான வழியை வேண்டுமென்றே அமுக்கத் தோன்றும். பையன் எப்படிச் சாகிறான் என்று பார்ப்பதுதான் பாதி வேடிக்கை. விளம்பரத்துக்கு அது போதும். ஆனால் அதில் எடுத்த எந்த முடிவையும் மறுநாள் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வகைக்கு நேர்ந்த சாவுதான் சோகம். வீடியோவின் மேல் இணைப்பு வைக்க உதவிய 'அனோடேஷன்' என்ற வசதியை யூடியூப் 2019 ஜனவரி 15 அன்று முழுவதுமாக எடுத்துவிட்டது. அதை நம்பிக் கட்டிய ஊடாட்டப் படங்களின் கதவெல்லாம் ஒரே நாளில் பூட்டிக்கொண்டன. ஜாம்பி கடித்துச் சாகவில்லை, பராமரிப்பில்லாமல் செத்தன.

சரி, இரண்டாவது. டெல்டேல் நிறுவனத்தின் 'தி வாக்கிங் டெட்'. 2012 ஏப்ரலில் தொடங்கி ஐந்து எபிசோடாக வந்தது. அடிப்படை ஒரு காமிக்ஸ் தொடர்தான், ஆனால் கதையும் ஆட்களும் புதிது. கொலைக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த லீ என்ற பேராசிரியர், பெற்றோர் ஊரில் இல்லாத க்ளெமென்டைன் என்ற சிறுமியைக் கண்டெடுத்துப் பார்த்துக்கொள்கிறார். ஆட்டம் தொடங்கும்போதே, உங்கள் தேர்வுகளுக்கு ஏற்பக் கதை மாறும் என்று ஓர் அறிவிப்பு வரும்.

அது பாதிப் பொய். முதல் எபிசோடிலேயே ஒரு பண்ணையில் ஷான் என்ற இளைஞனும் டக் என்ற சின்னப் பையனும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்வார்கள். யாரைக் காப்பாற்றப் போனாலும் ஷான்தான் சாவான். அதே எபிசோடின் கடைசியில் மருந்துக்கடை. டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் இழுத்துக் காப்பாற்ற முடியும். (இந்த டக் வளர்ந்த ஆள், பையன் டக் வேறு. தமிழில் எழுதினால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுகிறார்கள், என்ன செய்வது.) பெரும்பாலானோர் கார்லியைத்தான் எடுத்தார்கள். துப்பாக்கி சுடத் தெரிந்தவள். மின்கருவிகளில் கெட்டிக்காரன் என்பதைத் தவிர அந்த டக்கிடம் வேறு எதுவும் இல்லை. ஆனால் மூன்றாவது எபிசோடில், யாரை நீங்கள் காப்பாற்றி வைத்திருந்தாலும், அவரைக் கூட்டத்தில் ஒருத்தியான லில்லி சுட்டுவிடுவாள். எழுத்தாளர்கள் இரண்டு ஓடையை வெட்டிவிட்டு, கொஞ்ச தூரம் போனதும் ஒரே வாய்க்காலில் சேர்த்துவிடுகிறார்கள்.

இது புதிதும் அல்ல. 1967 மான்ட்ரியால் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் 'கினோஆட்டோமாட்' என்று ஒரு படம் காட்டினார்கள். பார்வையாளர்கள் இருக்கையிலிருந்த பட்டனை அமுக்கிக் கதையை வாக்கெடுப்பில் நடத்தலாம். எப்படி வாக்களித்தாலும் வீடு கடைசியில் எரியும். எல்லாத் தேர்வும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். அன்றைக்கே அது கிண்டலாகச் செய்யப்பட்டதுதான்.

இப்படித் தெரிந்தும் டெல்டேல் ஆட்டத்தை நான் மூன்றில் முதலாவதாக வைக்கிறேன். ஏன் என்பதற்கு இரண்டாவது எபிசோடின் சாப்பாட்டுக் காட்சி போதும். மோட்டலில் பத்துப் பேர். லீயின் கையில் பாதி ஆப்பிள் உட்பட நாலே உருப்படி. யாருக்குக் கொடுப்பது? குழந்தைகளுக்கா, வேலை செய்பவர்களுக்கா, உங்களை முறைத்துக்கொண்டே இருக்கும் லாரி என்ற கிழவருக்கா? ஜாம்பி ஒன்றும் துரத்தவில்லை. நேரம் ஓடவில்லை. நடந்து நடந்து யோசிக்கலாம். நான் இந்தக் காட்சியில்தான் மற்ற எதிலும் இல்லாத அளவு நேரம் நின்றேன். கொடுக்காதவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். கதை எங்கும் பிரியப் போவதில்லை, ஆனால் யார் உங்களோடு முகம் கொடுத்துப் பேசுகிறார்கள் என்பது மாறும்.

கடிக்கு வருவோம். அதே எபிசோடின் தொடக்கத்தில் ஓர் ஆசிரியரின் கால் கரடிப் பொறியில் சிக்கியிருக்கிறது. காலை வெட்டலாம், விட்டுவிட்டு ஓடலாம். எதைச் செய்தாலும், முகாமுக்குத் தூக்கிக்கொண்டு வரும் ஒருவர் அங்கே செத்து எழுந்திருப்பார். கடிபடாதவர். அப்போதுதான் தெரியும், இந்த உலகத்தில் கடித்தாலும் கடிக்காவிட்டாலும் செத்தவர் எல்லோரும் எழுவார்கள் என்று. நாலாவது எபிசோடின் முடிவில் லீயையே கடித்துவிடுகிறது. கூட இருப்பவர்களுக்குக் காயத்தைக் காட்டலாம், மறைக்கலாம். அடுத்ததில் கையை வெட்டிக்கொள்ளலாம். வெட்டினாலும் அவர் பிழைக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கணத்தில் நமக்கு அது தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆட்டம் முழுக்க ஒற்றைக் கையோடு திரிவதா என்று நாம் கணக்குப் போடும்போதே, இன்னொரு நாளாவது க்ளெமென்டைனோடு இருக்க முடியுமா என்ற ஆசையும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது, தொடங்கிய இடம். 'அன்டில் டான்'. இங்கிலாந்தின் சூப்பர்மாசிவ் நிறுவனம் உருவாக்கியது, 2015 ஆகஸ்டில் வெளிவந்தது. கனடாவில் ஒரு பனிமலை, எட்டு இளைஞர்கள், பத்து அத்தியாயம். எட்டுப் பேரும் பிழைக்கலாம், எட்டுப் பேரும் சாகலாம். இதில் வருவது அசல் ஜாம்பி இல்லை, வென்டிகோ. வட அமெரிக்காவின் அல்கான்குவியன் மக்களின் நம்பிக்கையில், பசியில் மனித மாமிசம் தின்றவனுக்கு நேரும் கதி. ஜாம்பிக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே தேர்வு என்ற சொல்லுக்கு எடை அதிகம். ஆட்டம் தானாகவே சேவ் ஆகிவிடும். தப்பு செய்துவிட்டோம், பழைய சேவிலிருந்து வருவோம் என்பதெல்லாம் முதல் தடவை நடக்காது. ஒருவன் செத்தால் அவன் இல்லாமலே மீதிக் கதை ஓடும். சில இடங்களில் முடிவே எடுக்க வேண்டாம், கன்ட்ரோலரை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். மூச்சு வாங்கினாலும் போச்சு. பட்டன் அமுக்குவதைவிட அமுக்காமல் இருப்பது கடினம் என்று இந்த ஆட்டத்தில்தான் கற்றேன்.

இதுவும் ஏமாற்றாமல் இல்லை. கிறிஸ் என்பவன் முன்னால் இரண்டு பேரைக் கட்டிவைத்து, ரம்பம் யார் பக்கம் போக வேண்டும் என்று கேட்பார்கள். எதைச் சொன்னாலும் அது அவர்களில் ஒருவனான ஜாஷ் பக்கம்தான் போகும். பிறகு பார்த்தால் அதுவே நாடகம். ஆனால் இன்னொரு பொறியில் கிறிஸ் தன்னை விட்டுவிட்டு ஆஷ்லியைச் சுட முடிவெடுத்தால், துப்பாக்கியில் குண்டு இல்லாததால் அவள் பிழைப்பாள். அதை மறக்க மாட்டாள். சில மணி நேரம் கழித்து, வென்டிகோ துரத்த அவன் ஓடிவந்து கதவைத் தட்டும்போது அவள் திறக்காமல் நிற்கக்கூடும். டெல்டேலில் 'க்ளெமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்' என்று திரையில் எழுத்து வரும், அநேகமாக எதுவும் நடக்காது. இங்கே எழுத்து வராத இடத்தில் கதவு திறப்பதில்லை. நியாயமாகப் பார்த்தால் இதுதான் கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு.

அப்படியென்றால் இதை ஏன் முதலில் வைக்கவில்லை? ஆட்கள்தான் காரணம். எட்டுப் பேரில் பாதிப் பேர் செத்தால் தேவலை என்று தோன்றும் அளவுக்கு எரிச்சல் மூட்டுகிறார்கள். எல்லோரையும் காப்பாற்ற நான் முயன்றது அன்பினால் இல்லை, எட்டுக்கு எட்டு எடுக்கும் மாணவன் புத்தியினால். செத்தவனுக்காக வருந்தவில்லை, மதிப்பெண் போனதே என்றுதான் வருந்தினேன்.

எமிலிக்கு வருகிறேன். தம்பி சொன்னதைக் கேட்டுச் சுட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆஷ்லி அங்கே கிடந்த குறிப்பேட்டைப் படிக்கிறாள். வென்டிகோ கடித்தால் தொற்றாது என்று எழுதியிருக்கிறது. எத்தனையோ படம் பார்த்துச் சேர்த்த ஜாம்பி ஞானத்தை அப்படியே வேறோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனதற்கு விலை. மூன்று ஆட்டங்களில் இவ்வளவு அழகாக என்னை முட்டாளாக்கிய இடம் வேறு இல்லை. தம்பி எதுவும் பேசாமல் சிப்ஸ் பாக்கெட்டை என் பக்கம் நகர்த்தினான்.

எதை விளையாடுவது என்று கேட்டால், நாலு பேர் கூடியிருக்கும் இரவுக்கு 'அன்டில் டான்'. ஆளுக்கொரு பாத்திரத்தைப் பிரித்துக்கொண்டு கன்ட்ரோலரைக் கைமாற்றிக்கொண்டே ஆடலாம். 2024இல் புதுப்பித்த பதிப்பும் வந்திருக்கிறது. தனியாக இருக்கிறீர்கள், அழுதாலும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் 'தி வாக்கிங் டெட்'. பழைய கணினியிலும் ஓடும்.

அதன் கடைசிக் காட்சியில் லீ கைவிலங்கோடு தரையில் உட்கார்ந்திருப்பார். தன்னைச் சுடச் சொல்வதா, அப்படியே விட்டுவிட்டுப் போகச் சொல்வதா என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் நாம்தான் சொல்ல வேண்டும். அவளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்ததும் நாம்தான், மூன்றாவது எபிசோடில், ரயிலில். எதைச் சொன்னாலும் லீ இனி இல்லை. முதல் தடவை சுடச் சொன்னேன். இரண்டாம் தடவை, சில வருடம் கழித்து ஆடியபோது, விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவர் ஜாம்பியாக எழுவார் என்று தெரிந்தே சொன்னேன். ஒன்பது வயதுக் குழந்தையின் கையில் அந்த ஒரு குண்டை வைக்க மனசு வரவில்லை.