பினாங்கில் 47ஆம் நம்பர்

நாலு வருஷம் கழித்து லண்டனிலிருந்து ஊருக்குப் போனேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் போனேன், ஆசைதீர நாசி கண்டாரும் (சோறும் கறிக்குழம்பும்) சாப்பிட்டேன். ஆனால் மனசை விட்டு இறங்காதது அந்தக் காது மூக்கு தொண்டைக் கிளினிக்தான்.

அக்காவுக்கு ஜனவரியில் தைராய்டு கட்டி ஆபரேஷன். தமிழ்ப்பள்ளி ஆசிரியை; அவர் ஒரு அதட்டல் போட்டால் பக்கத்து வகுப்பும் அடங்கும். ஏர்போர்ட்டில் "தம்பி, பசியாறிட்டியா?" என்று கேட்டார். வெறும் காற்றுதான் வந்தது. ஆபரேஷனில் மூச்சுக்குத் தொண்டையில் குழாய் போட்ட வீக்கம், தானா சரியாகும் என்று சொல்லியே அஞ்சு மாசத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

கிளினிக் வாசலில் அக்காவை இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிப் போனேன். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தால் அக்கா கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார். நம்பர் காட்டும் திரை கெட்டுப்போய், தாதி வாயால்தான் நம்பர் கூப்பிட்டிருக்கிறார். 47 என்றதும் அக்கா பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கியிருக்கிறார். தாதி பேப்பரைவிட்டுத் தலை நிமிரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டு, பதில் இல்லை என்று 48க்குப் போய்விட்டார். குரல் போனவர்கள் வருகிற இடத்திலேயே குரல் கொடுத்தால்தான் முறை! கடைசி ஆளாக இன்னும் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். கடைக்கணக்கு எழுதுகிற 555 நோட்டில் அக்கா எழுதிக் காட்டினார்: "கத்தாதே. அவங்களும் பாவம்."

லண்டனில் நம்பர் திரையில் ஒழுங்காக வரும், ஆனால் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் தவம் கிடக்கணும். இங்கே 5 வெள்ளிக்கு (ரிங்கிட்) டாக்டர் அன்றைக்கே மூக்கு வழியாக கேமரா விட்டுப் பார்த்தார். இடது குரல் நாண் அசையவே இல்லை. படம் போட்டு விளக்கினார்: அதை அசைக்கும் நரம்பு நெஞ்சுவரை இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி, தைராய்டை ஒட்டியே போகிறதாம். ஆபரேஷனில் அது இழுபட்டாலே போதும், நாண் அசையாமல் நின்றுவிடும். அறுபடாமல் இருந்தால் ஒரு வருஷத்துக்குள் மீள வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் ஊசி போட்டோ சின்ன ஆபரேஷன் செய்தோ நாணை நடுவுக்குத் தள்ளலாம். குரல் மாறினால் சீக்கிரமே கேமரா விட்டுப் பார்த்திருக்கணும் என்றார். இதை ஜனவரியிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் நம்ம தமிழ்ப் பிள்ளை. தே (டீ) குடித்தால் புரையேறுகிறது என்று நோட்டில் எழுதியதும், "மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க டீச்சர்" என்று தானே செய்து காட்டியது. அன்று அக்காவால் "ஆ" என்று அஞ்சு விநாடிதான் இழுக்க முடிந்தது.

கிளம்புமுன் கவுண்டரில் சண்டை போடாமல் கேட்டேன். ஒரு தாதி மஞ்சள் தாளில் மலாயில் "குரல் இல்லை, பக்கத்தில் போய்க் கூப்பிடவும்" என்று எழுதி அக்காவின் ஃபைலில் ஒட்டினார். அடுத்த தவணைக்கு அக்கா தனியாகத்தான் போகணும். அந்தத் தாள் விழாமல் இருக்கணும்.