30 வாட்டா, 120 வாட்டா: சிறுநீரகக் கல்லுக்கான லேசர்கள், ஓர் ஒப்பீட்டு அலசல்

சிறுநீரகக் கல்லை லேசர் மூலம் அகற்றிக்கொள்ளப் போகும் நோயாளியின் உறவினர்கள், கருவி எத்தனை வாட் என்று விசாரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இதற்குப் பரவலாகப் பயன்படும் ஹோல்மியம் (ஓர் உலோகத் தனிமம்) லேசர்களில் 20 முதல் 35 வாட் வரையிலானவற்றைக் குறைதிறன் கருவிகள் என்றும், 100, 120 வாட் கருவிகளை உயர்திறன் கருவிகள் என்றும் பிரிப்பார்கள். கேள்வி நியாயமானதுதான் என்றாலும், அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவுசெய்ய முடியாது என்பதே என் கருத்து.

இந்த லேசர் ஒளி விட்டுவிட்டு, துடிப்புகளாக வெளிவரும். ஒரு துடிப்பின் ஆற்றலை, நொடிக்கு எத்தனை துடிப்புகள் (ஹெர்ட்ஸ்) என்பதால் பெருக்கினால் கிடைப்பதே வாட். 1 ஜூல் துடிப்பை நொடிக்கு 10 முறை செலுத்தினால் 10 வாட், 0.3 ஜூல் துடிப்பை 50 முறை செலுத்தினால் 15 வாட். இரண்டாவது அமைப்புக்கு 15 வாட்டே போதும் என்றாலும், 30 வாட் கருவியால் அதைத் தர இயலாது. ஏனெனில் அதற்குள் இருக்கும் ஒற்றைப் படிகத் தண்டு அவ்வளவு வேகமாகத் துடித்தால் சூடேறி, ஒளிக்கற்றையே கலைந்துபோகும். உயர்திறன் கருவியில் பல தண்டுகளை மாற்றி மாற்றி இயக்குவதால்தான் 80 ஹெர்ட்ஸ் வரை போக முடிகிறது. ஆகவே, கூடுதல் பணம் கொடுத்து மருத்துவமனை வாங்குவது உண்மையில் வாட்டை அல்ல, ஹெர்ட்ஸை.

அந்த ஹெர்ட்ஸ் எப்போது தேவைப்படுகிறது? சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் சிறுநீர்க்குழாயில் சிக்கிய 8 மில்லிமீட்டர் கல்லுக்கு 0.8 ஜூல், 8 ஹெர்ட்ஸ், அதாவது 6.4 வாட் போதும். இரண்டு மூன்று துண்டாக உடைத்து பாஸ்கெட்டில் (சிறு கம்பிக்கூடையில்) பிடித்து எடுத்துவிடலாம். இங்கே 120 வாட் கருவிக்குத் தனிச் சிறப்பு எதுவுமில்லை. சிறுநீரகத்துக்குள் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கல் இருந்தால் கதை மாறுகிறது. துண்டுதுண்டாக எடுப்பதென்றால் கேமரா பொருத்திய உள்நோக்குக் குழாயைப் பலமுறை உள்ளே விட்டு வெளியே எடுக்க வேண்டும். ஆற்றல் கூடிய ஒவ்வொரு துடிப்பும் கல்லைப் பின்னுக்குத் தள்ளுவதால் அதைத் துரத்திக்கொண்டும் திரிய வேண்டும். மெல்லிய துடிப்புகளை மிக வேகமாகச் செலுத்தி, கல்லின் மேற்பரப்பைச் சுண்ணாம்புப் பொடிபோல் உதிர்ப்பதைத்தான் ‘டஸ்டிங்’ என்கிறார்கள். இந்த வேலையில் உயர்திறன் கருவி தெளிவாக முந்துகிறது. ஒரு குறையும் உண்டு: எழும் தூசியில் கேமராப் படம் பனிப்புயலில் மாட்டியதுபோல் வெளுத்துவிடும்; உள்ளே பாய்ச்சும் நீர் ஓடித் தெளியும்வரை மருத்துவர் லேசரை இயக்கும் பெடலிலிருந்து காலை எடுத்துக் காத்திருக்கத்தான் வேண்டும்.

வெப்பத்தைப் பற்றித்தான் விளம்பரங்களில் யாரும் பேசுவதில்லை. லேசர் ஆற்றலின் பெரும்பகுதி இறுதியில் சுற்றியுள்ள நீரைத்தான் சூடாக்குகிறது. ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டர் வீதம், 24 டிகிரி வெப்பநிலையில் சலைன் ஓடுவதாகக் கொள்வோம். 20 வாட்டில் தொடர்ந்து பெடலை மிதித்தால் உள்ளிருக்கும் நீர் ஏறக்குறைய 34 டிகிரியில் நிலைகொள்ளும். அதே ஓட்டத்தில் 60 வாட் என்றால் 52 டிகிரியைத் தாண்டும். திசுவுக்கு 43 டிகிரியில் 120 நிமிடம் என்பது ஆய்வாளர்கள் வைத்துள்ள எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைவதால், 50 டிகிரியில் ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. ஓட்டம் அடைபட்டு 10 மில்லிலிட்டர் நீர் தேங்கிவிட்டால், 40 வாட்டில் உடல் வெப்பநிலையிலிருந்து 43 டிகிரியை எட்ட ஆறு நொடி போதும். குறுகலான சிறுநீர்க்குழாய்க்குள் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். வெந்த இடம் ஆறும்போது சுருங்கி அடைப்பாகிவிடலாம். எனவே 120 வாட் கருவியை வைத்திருக்கும் மருத்துவரும் சிறுநீரகத்துக்குள் பெரும்பாலும் 20 வாட்டை ஒட்டியும், சிறுநீர்க்குழாயில் அதில் பாதிக்குள்ளும்தான் வேலைசெய்கிறார்.

இதற்கிடையே துலியம் ஃபைபர் லேசர் (துலியம் என்ற தனிமம் கலந்த கண்ணாடி இழையில் ஒளியை உண்டாக்குவது) மூன்றாவது போட்டியாளராக வந்து சேர்ந்தது. அதன் உச்சம் 60 வாட்தான். ஆனால் அதன் 1940 நானோமீட்டர் ஒளியை நீர், ஹோல்மியத்தின் 2100 நானோமீட்டர் ஒளியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு உறிஞ்சுகிறது. துடிப்புகளோ நொடிக்கு ஆயிரத்தையும் தாண்டும். நார்வேயின் பெர்கன் நகரில் 120 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், துலியம் பிரிவில் 92 சதவீதத்தினரும், குறைதிறன் ஹோல்மியம் பிரிவில் 67 சதவீதத்தினரும் கல் முற்றிலும் நீங்கப் பெற்றனர். சிறுநீர்க்குழாய்க் கற்களில் பெரிய வேறுபாடில்லை. சிறுநீரகக் கற்களில்தான் இடைவெளி. ஆனால் அமெரிக்காவின் விஸ்கான்சினில் அதே துலியத்தை, மோசஸ் தொழில்நுட்பம் கொண்ட உயர்திறன் ஹோல்மியத்துடன் ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. (கடலைப் பிளந்த மோசேயின் பெயர்தான் அது, துடிப்பின் முதல் பகுதி நீரில் குமிழ்ப் பாதையைத் திறக்க, அடுத்த பகுதி அதன் வழியே கல்லை அடைகிறது.) இரண்டையும் சேர்த்துப் படித்தால், துலியத்தின் வெற்றி ஓரளவுக்கு எதிராளி யார் என்பதைப் பொறுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நிர்வாகத்தின் கணக்கு வேறு. 120 வாட் ஹோல்மியத்துக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும். நீரால் குளிர்விக்கப்படுவதால் உடலும் கனம், இரைச்சலும் அதிகம். 30 வாட் ஹோல்மியமும் துலியம் கருவியும் சாதாரண பிளக்கிலேயே ஓடும். ஆனாலும் பெரிய மருத்துவமனைகள் 120 வாட்டை வாங்குவதற்குக் கல் மட்டும் காரணமல்ல. புராஸ்டேட் சுரப்பியைக் குடைந்தெடுக்கும் அறுவைக்கு 2 ஜூல், 40 அல்லது 50 ஹெர்ட்ஸ் என 80 முதல் 100 வாட் வரை பலர் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பணிக்கு வந்த கருவியே கல்லையும் பார்த்துக்கொள்கிறது. கல் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் முதுகு வழியே துளையிட்டுத்தான் எடுப்பார்கள். அங்கே அகலமான குழாய் வழியாக நீர் தாராளமாகப் பாய்வதால் கூடுதல் வாட்டை அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.