யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கத்து ஜாவா (புரோகிராமிங்) வகுப்பு: அப்ஸ்ட்ராக்ட் பாடம் எப்படி?

ஒரு கிளாஸில் இருக்கிறதை அதன் கீழ்க் கிளாஸ் வாங்கிக்கொள்ளுற இன்ஹெரிட்டன்ஸை வடிவாய்ப் படிப்பிக்கினம். நோட்ஸில்தான் கோளாறு: 'பேமென்ட்' என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸின் (நேரே ஒப்ஜெக்ட் உருவாக்கேலாத பொதுக் கிளாஸ்) கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே (ஒப்ஜெக்ட் உருவாகேக்க ஓடுற பகுதி) தொகை, திகதி, கார்ட் இலக்கம் மூன்றையும் திணிச்சிருக்கினம். காசாய்க் கட்டுறவருக்கு எதுக்குக் கார்ட் இலக்கம்? அதின்ர கீழ்க் கிளாஸான 'கேஷ்பேமென்ட்' அந்த இடத்தில் 'நல்' (null, ஒண்டுமில்லை) அனுப்பும். பிறகு அந்த 'நல்'லைப் பாவிக்கிற எங்கேயோ நல்பொயின்டர் எக்செப்ஷன் என்ற பிழை வெடிக்கும்.

தொகையும் திகதியும் எல்லாத்துக்கும் பொது, அதுகள் மேலே 'பேமென்ட்'டில் இருக்கட்டும். கார்ட் இலக்கத்தை மற்றக் கீழ்க் கிளாஸான 'கார்ட்பேமென்ட்' கன்ஸ்ட்ரக்டரே வாங்கி வைச்சுக்கொண்டு, மிச்சத்தை சூப்பர்(தொகை, திகதி) என்று மேல் கன்ஸ்ட்ரக்டருக்கு அனுப்பவேணும். மேலே பராமீட்டர் இல்லாத வெறும் கன்ஸ்ட்ரக்டர் ஒண்டும் இல்லாததால், சூப்பரை மறந்தால் கம்பைலரே மறிக்கும்.

பே() மெதட்டுக்குக் கீழ்க் கிளாஸில் புதுப் பராமீட்டர் சேர்த்தால் அது ஓவர்லோட் (அதே பேரில் இன்னொரு மெதட்), ஓவர்ரைட் (மேல் மெதட்டை மாத்தி எழுதுறது) இல்லை. இதையும் நல்லாய் விளங்கப்படுத்துகினம். செய்முறைக்குக் கணினி காணாது, லப்டொப் கொண்டுபோங்கோ.