புதிய வீட்டு நீச்சல் குளம்: மாத்திரையா, திரவக் குளோரினா, பிளீச்சிங் பவுடரா?

திருவையாற்றுக்கு அருகே, தென்னந்தோப்பை ஒட்டி அக்கா கட்டிய வீட்டில் 50,000 லிட்டர் கொள்ளும் நீச்சல் குளம் தை மாதம் நிரப்பப்பட்டது. கட்டிக் கொடுத்தவர் இரண்டு டப்பா குளோரின் மாத்திரைகளைத் தந்து, மிதவையில் போட்டு வைத்தால் போதும் என்று சொல்லிச் சென்றார். சித்திரை பிறந்தபோது, டெஸ்ட் கிட் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) குளோரின் காட்டியும் சுவரோரம் பச்சை படரத் தொடங்கியது.

காரணம் ஸ்டெபிலைசர் எனப்படும் சயனூரிக் அமிலம். அது இல்லாத குளத்தில் உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் குளோரினில் பாதியை அழித்துவிடும். ஆகையால் திறந்தவெளிக் குளத்துக்கு அது தேவையே. ஆனால் வெயிலிடமிருந்து குளோரினைக் காக்கும் அதே பிடிப்பு, கிருமியையும் பாசியையும் தாக்கும் வேகத்தையும் குறைக்கிறது. ஸ்டெபிலைசர் அளவில் ஏறத்தாழ 7.5 சதவீதம் குளோரின் இருக்க வேண்டும் என்பது பலர் பின்பற்றும் கணக்கு. ஸ்டெபிலைசர் 40 பிபிஎம் என்றால் 3 பிபிஎம் குளோரின் போதும். 100 ஆகிவிட்டால் 7.5 வேண்டும். அக்கா வீட்டுத் தண்ணீரை மருந்தோடு கலந்து சோதனைக் குழாயில் ஊற்றிப் பார்த்தோம். 100 என்ற கோட்டை எட்டும் முன்பே அடியிலிருந்த கரும்புள்ளி கலங்கலில் மறைந்துவிட்டது; அதாவது ஸ்டெபிலைசர் 100 பிபிஎம்முக்கும் மேல்.

மாத்திரையின் கணக்கைப் பார்த்தால் இது வியப்பில்லை. மிதவையில் போடும் டி.சி.சி.ஏ. (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) மாத்திரையில் கிடைக்கும் குளோரின் சுமார் 90 சதவீதம். ஆனால் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் 6 பிபிஎம் ஸ்டெபிலைசர் தண்ணீரில் சேர்கிறது. நாளொன்றுக்கு 2 பிபிஎம் வீதம் போட்டால் ஒரே மாதத்தில் 36 பிபிஎம் ஏறிவிடும். குளோரின் செலவாகும், ஸ்டெபிலைசர் தங்கிவிடும். ஆவியான தண்ணீருக்கு ஈடாகப் புதுத் தண்ணீர் விட்டாலும் அது குறையாது. மாத்திரை அமிலத்தன்மை உடையது என்பதால், ஒரே இடத்தில் கிடந்தால் புதுப் பூச்சையும் அரிக்கும். ஸ்டெபிலைசர் கலந்தே வரும் இன்னொரு குளோரின் வகையான டைகுளோர் பவுடரில் அது இதைவிட வேகமாகச் சேரும்.

திரவக் குளோரினில் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) ஸ்டெபிலைசரே இல்லை. இந்த அளவுக் குளத்துக்கு 10 சதவீதத் திரவம் ஒரு லிட்டர் ஊற்றினால் 2 பிபிஎம் கிடைக்கும். தொடக்கத்திலேயே 2 கிலோ ஸ்டெபிலைசரைத் துணிப்பையில் கட்டி, ஃபில்டரிலிருந்து தண்ணீர் திரும்பும் வாய்க்கு எதிரே தொங்கவிட்டால் 40 பிபிஎம் கிடைத்துவிடும். அது மெதுவாகக் கரைவதால் ஒரு வாரம் கழித்தே அளந்து பார்க்க வேண்டும். தினமும் மாலையில் ஊற்றும் வேலையும், கேனைச் சுமக்கும் வேலையும் உண்டு என்பது உண்மைதான். டெல்டா வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் திரவத்தின் வீரியம் விரைவாகக் குறையும் என்பதால், பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி நிழலில் வைப்பதே சரி.

பிளீச்சிங் பவுடர் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். அதிலும் ஸ்டெபிலைசர் இல்லை. 33 சதவீதப் பவுடர் என்றால் அதே 2 பிபிஎம்முக்கு 300 கிராம் வேண்டும். வாளியில் கரைத்துத் தெளியவிட்டால் அடியில் சுண்ணாம்பு கெட்டியாகப் படியும். தெளிந்ததை மட்டும் ஊற்றினாலும் தண்ணீரின் கடினத்தன்மை கூடிக்கொண்டே போகும். போர் தண்ணீரே கடினமாக இருக்கும் வீடுகளுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். பவுடரையும் மாத்திரையையும் ஒரே வாளியிலோ மிதவையிலோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

என் தேர்வு திரவம்தான்; வெளியூர் செல்லும் சில நாட்களுக்கு மட்டும் மாத்திரை. ஏறிவிட்ட ஸ்டெபிலைசரை இறக்கத் தண்ணீரை வெளியேற்றுவதைத் தவிர எளிய வழியில்லை. நூறை ஐம்பதாக்க 25,000 லிட்டரை மாற்ற வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று ஊரே காத்திருக்கும் கோடையில் அவ்வளவு தண்ணீரை வீணாக்க யாருக்கும் மனம் வராது. நிலத்தடி நீர் உப்பேறிய வேதாரண்யம் பக்கத்தில் மாற்றி நிரப்ப நல்ல தண்ணீர் கிடைப்பதே அரிது. அக்கா, குளோரின் முழுவதும் இறங்கும்வரை காத்திருந்து, வாய்க்காலில் கலக்கவிடாமல் தென்னை மரங்களுக்குப் பிரித்துப் பாய்ச்சினார்.

ஐப்பசி அடைமழையில் குளம் நிரம்பி வழிந்தால் ஸ்டெபிலைசரும் உடன் வெளியேறும்; ஆகவே கார்த்திகை முடிந்ததும் கரும்புள்ளிச் சோதனையைச் செய்து, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதை மட்டும் மீண்டும் சேர்க்க வேண்டும்.