தேக்கு மேற்பலகை வாங்குவோர் கவனத்திற்கு

சமையலறை அலமாரிக்கும் அதை ஒட்டி நிற்கும் சிறிய ஃபிரிட்ஜுக்கும் மேலே ஒரே மேடை அமைப்பதற்காக, ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் தேக்குப் பலகை வேண்டுமென்று சென்னையில் ஒரு மரக்கடையில் சொல்லி முழுத்தொகையையும் செலுத்தினேன். தாங்கு சட்டங்களை நானே செய்துகொள்வதாக ஏற்பாடு. பலகைகளை ஒட்டி, இழைத்து, பாலிஷ் போட்டுத் தருவது கடைக்காரர் பொறுப்பு.

வந்த பலகையின் கனம் ஒன்றேகால் அங்குலம்தான். பில்லில் 1.25 கன அடி. கைக்கு வந்ததோ ஏறத்தாழ 1.04. இழைப்பில் கழிவதை வாங்குபவர் கணக்கில் சேர்ப்பது இத்தொழிலில் உள்ள வழக்கம்தான் என்றாலும், அதை முன்னரே சொல்லியிருக்க வேண்டும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொருத்திய சில வாரங்களில் பலகையின் நடுப்பகுதி மேடாகி, வைத்த டம்ளர் ஆடத் தொடங்கியது. குனிந்து பார்த்தால், ஒட்டு அடிப்பக்கத்தில் வாய் பிளந்திருந்தது. பாலிஷ் மேற்பக்கத்தில் மட்டும். அடிப்பக்கம் வெறும் மரம். ஈரம் வற்றாத மரத்தை இப்படி ஒருபக்கம் மூடினால், திறந்த பக்கம் முதலில் உலர்ந்து சுருங்கி, பலகையை வளைத்துவிடும்.

"ஃபிரிட்ஜ் சூடு பட்டா எந்த மரமும் இப்படித்தான் சார் ஆகும்" என்றார் கடைக்காரர். ஃபிரிட்ஜின் பின்புறமும் மேலேயும் தயாரிப்பாளர் கேட்கும் இடைவெளியை விட்டிருக்கிறேன். மேலும், அதன் சூடே எட்டாத அலமாரிப் பக்கத்திலும் பலகை அதே அளவுக்கு வளைந்திருக்கிறதே என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

முனையைச் சற்று அறுத்துப் பார்த்த ஆசாரிதான் உண்மையைக் காட்டினார். பழுப்பு நிறம் மேல்தோலோடு சரி. உள்ளே வைரமே ஏறாத வெள்ளை மரம், நடுவில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த ஓட்டை. வெள்ளைப் பகுதியைப் பூச்சி எளிதில் துளைக்கும்.

ஆகவே பாலிஷ் போடும் முன்பே பலகையைப் பாருங்கள். முனையை உங்கள் கண்ணெதிரே அறுக்கச் சொல்லுங்கள். மரத்தின் பெயர், இழைத்த பின் இருக்கவேண்டிய கனம் இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் "மரம்" என்று மட்டுமே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். தேக்கு என்று விலை சொல்லி அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் அறுத்த துண்டுமே இப்போதைக்கு என்னிடமுள்ள சான்றுகள்.